நாலு விரல் இடைவெளி

இஸ்திரிப் பெட்டியை ஈர விரலால் சுரீரென்று தொட்டுப் பார்த்துவிட்டு, பச்சைத் துணியின் ஓரத்திலிருந்து தேய்க்க ஆரம்பிக்கிறார் கீழ்வீட்டுக்காரர். மனிதர் தன் சட்டையை ஒருநாளும் தேய்த்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தத் துணிக்கு மட்டும் ராஜ உபசாரம். “ஒரு சுருக்கம் இருந்தாக்கூட கடல் நடுவுல கோடு விழும் மாடியாரே. அப்புறம் அது கடலா இருக்காது, கசங்கின போர்வையா இருக்கும்.” மாடியில் குடியிருப்பதால் நான் அவருக்கு மாடியார்.

தெருவில் அவருக்கு டைரக்டர் என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். பிழைப்பெல்லாம் அச்சகத்தில், இரவு ஷிப்ட். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் பகல் வேலை. இவர் கையில் மையோடு உள்ளே நுழையும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார். வாசல்படியில் பேசிக்கொண்டதுதான் பேச்சு. இப்படியே ஓடிப்போனது வயசு.

அந்த நாட்களில்தான் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. பச்சைத் துணிக்கு முன்னால் நின்று நடித்தால், கம்ப்யூட்டரில் பச்சையைத் துடைத்துவிட்டு மலையோ கடலோ எதை வேண்டுமானாலும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். காலையில் இவர் வந்து, தன் பங்கு வசனத்தைப் பேசிவிட்டுத் தூங்கப் போவார். மாலையில் அக்கா வந்து, அதே துணிக்கு முன்னால் தன் பங்கைப் பேசுவார். லீவு நாளில் இருவரையும் ஒட்டவைத்தால், மலை உச்சியில் தம்பதி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

எதிரில் ஆள் இல்லாமல் எப்படி நடிப்பது? அதற்கும் ஒரு ஏற்பாடு. ஹேங்கரில் அவருடைய சட்டையை மாட்டி, அதைப் பார்த்துத்தான் அக்கா கோபப்படுவார், கொஞ்சுவார். “நேர்ல இருந்தா இவரு இவ்வளவு பொறுமையா கேப்பாரா? சட்டை தேவலாம்” என்பார். “எங்க குடித்தனமே கம்ப்யூட்டருக்குள்ளதான் நடந்துச்சு. பொண்ணு மட்டும் எப்படிப் பொறந்தான்னு கேக்காதீங்க!”

ஒருமுறை அக்கா கடையிலிருந்து வந்த அவசரத்தில் பச்சைச் சேலையும் பச்சை ரவிக்கையுமாக நின்றுவிட்டார். படத்தில் தலையும் கைகளும் மட்டும் மேகத்தில் மிதந்தன. டைரக்டர் அதை அழிக்கவே இல்லை. இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். எனக்கும் பலமுறை காட்டியிருக்கிறார். அந்த அக்காவின் முகத்தில்தான் என்ன இளமை!

சிரிக்காத சமாசாரம் ஒன்றும் உண்டு. ஒரு படத்தில் மனைவியின் தோளில் கை வைப்பதுபோல வெறும் காற்றில் கையை நிறுத்தி நடித்திருந்தார். ஒட்டியபோது கை தோளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் போட்டுக்காட்டினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் இருவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டே நடித்தார்கள். அத்தனை படத்திலும் ஒருவரை ஒருவர் தொட்டதே கிடையாது.

இப்போது இருவருக்கும் ஓய்வு. பகல் முழுக்க ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் படமென்றால் பழையபடி தனித்தனியாகத்தான். “எதிர்ல அந்த மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடுது” என்பது அக்காவின் வாதம். மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். பிரசவத்துக்கு அக்கா அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போகிறார். போனால் திரும்ப எத்தனை மாதமாகுமோ. வீட்டைப் பார்த்துக்கொள்ள இவர் இங்கேயே. “போறதுக்கு முன்னாடி அந்த ஒரு ஷாட் எடுத்துடணும் மாடியாரே. தோள்ல கை. நெஜமா.” சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அக்கா முதலில் மாட்டேன் என்றார். “இந்த வயசுல என்ன கூத்து இது?” டைரக்டர் டீ கூடக் குடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் அக்காவே சேலை மாற்றிக்கொண்டு, பச்சை இல்லையே என்று என்னிடம் ஒருதரம் கேட்டுவிட்டு வந்து நின்றார். கேமராவை என் பொறுப்பில் விட்டார்கள். ஹேங்கர் அன்றைக்கு அலமாரியிலேயே கிடந்தது.

“ஸ்டார்ட்” என்றேன். டைரக்டர் தன் வசனத்தைச் சொன்னார். “ஊருக்குப் போனா என்னை மறந்துடாதே.” சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். தோளுக்கு மேலே, நாலு விரல் தள்ளி, கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. பழகின கை, என்ன செய்யும்! அவருக்கே அது தெரியவில்லை. அடுத்த வசனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். “இன்னுமா உங்க ஷிப்ட் முடியல?” என்று கேட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

டைரக்டருக்கு வசனம் மறந்துபோயிற்று. தோளில் இருந்த கையை எடுக்காமல், இன்னொரு கையை என் பக்கம் நீட்டி, கேமராவை நிறுத்தச் சொல்லி அசைத்தார்.