பச்சியப்பன் காட்டிய சீமைக் காகிதம்

1934இல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரை ஒருவன் சீமைக்குத் திரும்பியபோது, கடத்தூர்ப் பக்கத்துச் சேரியைச் சேர்ந்த பச்சியப்பனையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். துரையிடம் நாய்கள் மூன்று. அவற்றைக் கழுவ ஒரு கை வேண்டுமல்லவா.

அங்கே நான்கு ஆண்டு பச்சியப்பன் பார்த்தது நாய்களைத்தான். நாய்க்கு லைசென்சு இருந்தது, வைத்தியர் இருந்தார், ரயிலில் டிக்கெட் இருந்தது. முதல் வாரம் தெருவில் பூட்சுக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். எதிரே வந்த நாய் ஓடவில்லை. கிட்டே வந்து அவன் காதை நக்கியது. நம் ஊரில் மனிதன் குனிந்தால் கல்லெடுக்கத்தான் என்பது தாய் வயிற்றிலேயே நாய்க்குத் தெரியும்.

சாதியும் அங்கே இருந்தது. நாய்களின் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் எழுதிய காகிதத்தைத் துரைசானி பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். ஒருமுறை அவளுடைய பெட்டை நாய் கசாப்புக்கடை நாயோடு கூடிவிட்டது. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்; பிறகு குட்டிகளை வாளித் தண்ணீரில் அமுக்கச் சொன்னாள். அமுக்கியவன் பச்சியப்பன். இந்தத் தேசம் பிறப்புப் பைத்தியத்தை நாயோடு நிறுத்திக்கொண்டது என்று அவன் நினைத்தான். தான் நான்கு ஆண்டும் அடுப்புக்கரி போட்டுவைக்கும் கொட்டடியில் படுத்தது அவனுக்கு உறைக்கவில்லை.

1938இல் திரும்பினான். ஊர்க் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. சேரிக்காரன் பெட்டை நாய் வளர்க்கலாம், கடுவன் நாய் வளர்க்கக் கூடாது. சேரிக் கடுவன் ஊர்ப் பெட்டையோடு சேர்ந்தால் ஊர் மானம் போய்விடுமாம். மானத்தை நாயின் வாலுக்கடியில் வைத்துக் காப்பாற்றிய மகான்கள்.

பச்சியப்பன் குப்பைமேட்டில் கிடந்த கடுவன் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தான். துரை பேசிய இங்கிலீசில் அதை உட்காரவும் எழவும் பழக்கினான்.

"சீமையில நாய் கழுவுன கை சும்மா இருக்குதா பாரு," என்றாள் மனைவி ராமக்கா. "அவுங்க அடிச்சுக் கொன்னா எங்கிட்ட வந்து அழாத."

நாய் வளர்ந்ததும் ஊர்ப் பெரியதனக்காரர் குப்புராஜ் ஆளனுப்பி அவனை நாயோடு வரவழைத்தார்.

"ஏண்டா, கட்டுப்பாடு தெரியாதா ஒனக்கு? பொழுது எறங்கறதுக்குள்ள அதக் கொன்னு போட்டுட்டு வந்து சொல்லு."

"இது சேரி நாயில்லீங்க சாமி. சீமை நாயி. தொரை குடுத்தது." பச்சியப்பன் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தரையில் வைத்தான். "இதோட சாதிக் காகிதமுங்க." பிறகு, "சிட்," என்றான். நாய் உட்கார்ந்தது.

அது அவனுக்கே துரை எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதம். குப்புராஜுக்கு இங்கிலீசு தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அதிலிருந்த துரையின் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அன்றே நாய் அவர் வீட்டு நடுக்கூடத்துக்குள் போனது. பச்சியப்பன் தெருவில் நின்றான். சில மாதத்தில் அவர் வீட்டுப் பெட்டை நான்கு குட்டி போட்டது. மூன்று குட்டிகள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின.

நான்காவது குட்டியை வாங்க வந்த தொப்பூர்ச் சம்பந்தி அர்ச்சுனன், காகிதத்தைப் படித்துக் காட்டினால்தான் ஆயிற்று என்றார். மிஷன் பள்ளி வாத்தியார் சவுரியப்பனைக் கூப்பிட்டார்கள். பச்சியப்பன் நாயோடும் காகிதத்தோடும் வந்து நின்றான். உண்மை தெரிந்தால் நாய்க்குச் சாவு, தனக்கு மரத்தில் கட்டி அடி.

வாத்தியார் தமிழில் சொன்னார்: "இதைக் கொண்டுவரும் பச்சியப்பன் நான்கு ஆண்டு என் நாய்களைக் கவனித்தான். திருடமாட்டான். குடிக்கமாட்டான்."

"நாயி குடிக்காதுன்னா எழுதியிருக்குது?" என்றார் அர்ச்சுனன்.

"இது நாய்க்கு எழுதுனதில்லீங்க," என்று வாத்தியார் தொடங்கினார்.

குப்புராஜின் முகம் கறுத்தது. குட்டிகளில் ஒன்று அவர் தம்பி வீட்டுத் தொட்டிலுக்கடியில் தூங்குகிறது. இன்னொன்றுக்கு மாமனார் மடியில் வைத்துப் பால் ஊட்டுகிறார்.

"வாத்தியாரே, ஒங்களுது பள்ளிக்கூடத்து இங்கிலீசு. இது தொரை இங்கிலீசு. போயிப் புள்ளைங்களப் பாருங்க."

சம்பந்தி குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கட்டுப்பாட்டை எடுத்தார்களா? எடுப்பார்களா? அடுத்த மாதமே சேரியில் காளியன் வளர்த்த கடுவனைக் கொல்லச் சொல்லி ஆள் வந்தது. பச்சியப்பன் அதே கடிதத்தைக் காளியன் கையில் கொடுத்தனுப்பினான். குப்புராஜ் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"செரி செரி, நாயக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போ," என்றார்.