சுறாப் பல்லும் அடிவயிற்றில் ஒரு குத்தும்

என் கூட்டாளி என்னை அடித்தது கடலுக்கு அடியில், அதுவும் அடிவயிற்றில். வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் சூட்கேஸ் விற்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சுறாப் பல் பொறுக்கப் போயிருந்தேன்.

கூட்டாளி தூத்துக்குடிக்காரன். எல்லைக்கு அந்தப் பக்கம் சோஹார் துறைமுகத்தில் கப்பலின் அடியில் ஒட்டும் சிப்பிகளை முங்கிச் சுரண்டுகிற வேலை. மலைவெள்ளம் வந்து கடலில் சேரும் ஓரிடத்தில் கல்லாகிப்போன பழங்காலத்துச் சுறாப் பற்கள் கிடக்கின்றன என்று போனில் ஒரு படம் அனுப்பினான். அடுத்த லீவுக்கே எல்லை தாண்டி ஓடிவிட்டேன்.

படகில் வைத்து என் முதுகில் சிலிண்டரைக் கட்டியபடியே ஒரே பாடத்தை மூன்று தடவை நடத்தினான்.

"பாய், மூச்ச மட்டும் அடக்கிராதீய. இழுத்து விட்டுக்கிட்டே இருங்க. அடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலு கிழிஞ்சிரும்."

"மூச்சப் பத்தி எனக்கா? எங்க ஊரு சங்கு குளிச்ச ஊரு மாப்ள."

"ஊரு குளிச்சிச்சு. நீங்க சூட்கேஸ்தான வித்திய?"

உண்மைதான். சங்கு குளித்தவர்கள் அடுத்த தெருக்காரர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர்க் குளத்தில் முங்கி, அடிமண்ணை அள்ளிவந்து காட்டுகிற விளையாட்டு.

முங்கினோம். மூன்று ஆள் ஆழம் இருக்கும். அவன் கையால் விசிற, மணல் புகைபோல எழும்பியது. நானும் விசிறினேன். ஏதோ விரலைச் சுருக்கென்று கீறியது. எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பல்! செத்து எத்தனை யுகமோ, இன்னும் கடிக்கிறது.

அவ்வளவுதான், நான் குளத்துப் பையனாகிவிட்டேன். கன்னம் உப்ப மூச்சை அடைத்து, தரையை உதைத்து, கையைத் தூக்கிக்கொண்டு ஜிவ்வென்று மேலே கிளம்பினேன்.

ஒரு கை கணுக்காலைப் பிடித்து இழுத்தது. திரும்பினேன். அடிவயிற்றில் குத்து. வாயில் கவ்வியிருந்த குழாய் வழியாகக் காற்றெல்லாம் குமிழ்களாகக் கொட்டியது. பல் கைநழுவிக் கலங்கலுக்குள் போனது. பல்லைப் பிடுங்கத்தான் அடிக்கிறான் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மனசு எனக்கு. அவனோ என் மார்பில் உள்ளங்கையை அழுத்தி, நான் மூச்சுவிடுவதைப் பார்த்துப் பார்த்து, அங்குலம் அங்குலமாக மேலே கூட்டிவந்தான்.

படகில் ஏறியதும் கத்தினேன்: "கள்ளப் பயலே, என் பல்லு எங்கடா?"

"ஏல, செத்துருப்பல நீ! நுரையீரலு கிழிஞ்சு செத்துருப்ப!"

ஐந்து வருடமாக என்னை 'பாய்' தவிர வேறெப்படியும் கூப்பிடாதவன். அவன் உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சை அடைத்தபடியா வந்தேன்? ஆமாம், அடைத்தபடிதான். அவன் குத்தியது அந்தக் காற்றைக் கொட்டவைக்கத்தான்.

"இருமு. துப்பு" என்று தன் உள்ளங்கையை என் வாய்க்கு நேராக நீட்டினான். "ரத்தம் வருதான்னு பாக்கணும்."

துப்பினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தான். வெள்ளை.

"இன்னொருக்கா."

வெள்ளை.

"எச்சி வத்திப்போச்சு மாப்ள" என்றேன்.

"பேசாத. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று எஞ்சினைக் கிளப்பினான். ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டே, கரை வரும்வரை மறு கையை என் வாய்க்குக் கீழே ஏந்தியபடியே வந்தான்.