பெயர் எழுதாத மஞ்சள் சீட்டு

சென்ற கல்வியாண்டில், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் தொடங்கியது இது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். பஸ்ஸில் ஏறினால் நான் தூங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வருவேன். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத சொலவடை எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளைக வீட்டுல இருந்துக்கிட்டே சேர்ந்து படிக்கிற மாதிரி ஏதாவது வேணுமாம் டீச்சர், நிர்வாகத்துல கேக்குறாக. போன்லயே என்னென்னமோ இருக்காம்ல? எது நல்லதுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. முதல்ல எட்டாப்புல வச்சுப் பார்ப்போம். அரையாண்டு வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சுன்னா பள்ளிக்கூடம் முழுக்கப் போட்டுரலாம்."

என்னை ஏன் கேட்டார் என்றால், எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் தட்டிக் கொட்டிச் சரி செய்கிற ஒரே ஆள் நான்தான். எந்தக் கோர்ஸுக்கும் போனதில்லை. நான் ஆசிரியப் பயிற்சி படித்தபோது கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தூரத்தில் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு வருவோம். மற்றதெல்லாம் பின்னால் நானே தப்புத் தப்பாய்த் தொட்டுக் கற்றுக்கொண்டது.

சரி என்று தேட ஆரம்பித்தேன். வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பெண் பிள்ளைகளின் வீட்டு நம்பரெல்லாம் ஊருக்கே தெரியும். போதாததற்கு, காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடத்தைத் தேட வேண்டும். முகம் பார்த்துப் பேசும் செயலி டேட்டாவைக் குடித்துவிடும். இன்னொன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் என்றது. மதியச் சாப்பாட்டுத் தட்டையே மறந்து வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள் கடவுச்சொல்லையா ஞாபகம் வைக்கப் போகிறார்கள்?

கடைசியில் ஓர் இணையப் பலகை கிடைத்தது. சுவர் மாதிரி ஒரு பக்கம். நான் கேள்வியை ஒட்டிவிட்டு இணைப்பை அனுப்பினால், அதைத் தொட்ட உடனே பிள்ளைகள் உள்ளே வந்து கலர் கலராகச் சீட்டு ஒட்டலாம், படம் வரைந்து போடலாம். கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். சீட்டின் அடியில் பெயரை மட்டும் எழுதிவிட வேண்டும். பஸ்ஸில் ஒரு காய்கறிக்கார அம்மா அடிக்கடி சொல்லும், "காம்பைப் பார்த்துக் காயை வாங்கு" என்று. நான் காயின் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தலைமை ஆசிரியை மட்டும் கேட்டார். "ஆர் வேணும்னாலும் உள்ள வரலாமா டீச்சர்?"

"இணைப்பு நம்ம பிள்ளைகள்ட்ட மட்டும்தானே இருக்கு?" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

பலகை நன்றாகவே ஓடியது. வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகளெல்லாம் அதில் எழுதித் தள்ளினார்கள். ஒரே ஒரு சீட்டுதான் தொந்தரவு. எல்லாரும் தங்களுக்குப் பிடித்த நிறத்தை மாற்றிக்கொள்வார்கள்; அது மட்டும் எப்போதும் மஞ்சள். அடியில் பெயர் இருக்காது. எழுத்துப் பிழை நிறைய இருக்கும். ஆனால் பதிலில் ஒரு ருசி இருக்கும்.

வெப்பம் பரவும் முறைகளுக்கு வீட்டிலிருந்து உதாரணம் கேட்டிருந்தேன். மஞ்சள் சீட்டு சொன்னது: 'இரும்புக் கரண்டியை அண்டாவில் விட்டுட்டு வந்தால் திரும்பி எடுக்கையில் கை வெந்துரும். அது வெப்பக் கடத்தல். அதனால்தான் மரக் கைப்பிடி.'

வகுப்பில் இதை வாசித்ததும் ஒரே சிரிப்பு. "யாரு வீட்டுல டீச்சர் அண்டாவுல சமைக்கிறாக?"

எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர். அவனாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, "நல்லா எழுதியிருக்கேடா, பேரை மட்டும் போட்டுரு" என்றேன். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "வந்த சீதேவியைக் காலால எத்தச் சொல்றீகளா டீச்சர்?" என்றான். அந்தச் சொலவடை என்னிடமிருந்து படித்ததுதான்.

பலகையிலும் விடாமல் டிக் போட்டுத் திருத்தினேன். 'பெயரை மறந்துவிட்டு வரும் கழுதை யார்? ஆனாலும் பதில் அருமை, செல்லம்' என்று ஒருமுறை எழுதினேன். மறுநாள் அதன் கீழே, 'மன்னிக்கவும் டீச்சர்' என்று வந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எது 'மன்னிக்கவும்' என்று எழுதும்? அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பலகை எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் தலைமை ஆசிரியை வகுப்புக்கு வந்தார். பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் வரைந்த படம், பெயர், பதில் எல்லாம் திரை நிறைய. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. எல்லாரும் கை கட்டி என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு முளைத்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாக விழ ஆரம்பித்தது. 'பருப்பு கொதிக்கையில் அடியில் உள்ளது மேலே வருது, மேலே உள்ளது…'

"பேய் டீச்சர்!" என்று முன்வரிசையில் ஒரு குரல். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

தலைமை ஆசிரியை திரையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாப் பிள்ளையும் இங்குட்டு உக்காந்திருக்கு. அங்குட்டு இருந்து எழுதுறது யாரு?"

கம்ப்யூட்டரை அணைத்தேன். யாரோ ஓர் ஆள் இத்தனை நாளாக என் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் பார்த்துக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அவனை நான் செல்லம் என்று கொஞ்சியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று பட்டப்பகலே இருட்டாகத்தான் இருந்தது.

வராந்தாவில் தலைமை ஆசிரியை குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக படிக்கிற இடம் டீச்சர். வீட்டைக் கட்டிட்டு வாசக்கதவை வைக்க மறந்துட்டீகளே! மத்தியானத்துக்குள்ள அதை அழிச்சிருங்க."

சாப்பாட்டு மணி அடித்ததும் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று அது கேட்டது. சுட்டியைக் கொண்டு போய் 'ஆம்' மேல் வைத்தேன்.

"டீச்சர், அழிச்சிராதீக."

கதவருகே எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி. கடைசி வரிசை, அதிகம் பேசாத பிள்ளை. கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"அது எங்க அத்தா டீச்சர்."

அத்தா என்றால் அவள் வீட்டில் அப்பா. வளைகுடா நாட்டில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கிறார். தான் வரைந்த படத்தைக் காட்டுவதற்காக இவள்தான் இணைப்பை அனுப்பியிருக்கிறாள். படத்தைப் பார்க்க வந்தவர் கேள்வியைப் பார்த்திருக்கிறார். தெரிந்த கேள்வியாக இருக்கவும், ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்.

"முன்னாடியெல்லாம் அத்தா போன் பண்ணா, சாப்பிட்டியாம்பாரு, சாப்பிட்டேம்பேன். நல்லாப் படிக்கிறியாம்பாரு, ம்ம்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்ன பேசுறதுன்னே தெரியாது டீச்சர். அம்மாட்டக் குடுத்துருவேன். இப்பல்லாம் நாங்க சண்டை போடுவோம். என் பதில்தான் சரிம்பாரு. இருங்க, டீச்சர் டிக் போடட்டும்பேன். தினமும் கேப்பாரு, டீச்சர் டிக் போட்டாகளான்னு." மூக்கை உறிஞ்சினாள். "அவரைத் திட்டாதீக டீச்சர். லிங்க் அனுப்புனது நான்தான்."

நான் சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

ஆனால் ஒரு பிள்ளை சொன்னால் போதுமா? நான் போய்ச் சொன்னதும் தலைமை ஆசிரியை அவள் வீட்டுக்குப் போன் போட்டார். காரைக்குடி செக்காலையிலிருந்து அவள் அம்மா ஆட்டோ பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று. விஷயத்தைக் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குத்தானா? நான் போன் பண்ணா ரெண்டு நிமிசத்துல சார்ஜ் இல்லம்பாரு டீச்சர். வெப்பக் கடத்தலுக்கு மட்டும் எங்குட்டு இருந்துதான் சார்ஜ் வருமோ!"

அந்த அம்மாவின் போனிலிருந்தே அவரைப் படத்தோடு அழைத்தோம். அந்தப் பக்கம் ஒரு பெரிய சமையலறை. பின்னால் ஆவி பறக்கிறது. எங்களைப் பார்த்ததும் அந்த மனிதர் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விறைப்பாக எழுந்து நின்றார். வகுப்பில் என் பிள்ளைகள் நிற்பார்களே, அதே மாதிரி.

"வணக்கம் டீச்சர். தப்பா நெனச்சுக்கிராதீக."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா தம்பி? பேரையாவது எழுதலாம்ல?" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கடுமை பாதி குறைந்திருந்தது.

"கேட்டா வேணாம்னுருவீகளோன்னு பயம். பேரு எழுதுனா, இந்த வயசுல படிக்க வந்துட்டாரு பாருன்னு பிள்ளைக சிரிக்கும். எம்மகளை யாரும் கேலி பண்ணிறக் கூடாதுல்ல? நான் எட்டாப்பு பாதியோட நின்னுட்டேன் டீச்சர். காலைச் சாப்பாடு முடிஞ்சு மத்தியான உலை வைக்கிற வரைக்கும் கொஞ்ச நேரம் கெடைக்கும். சும்மா இருக்க நேரம், விட்டதைப் பிடிப்போமேன்னு…"

என் முறை வந்தது. "உங்களை நான் கழுதைன்னெல்லாம் எழுதிட்டேனே" என்றேன்.

"அது ஒண்ணும் தப்பில்ல டீச்சர்" என்று சிரித்தார். "அந்த வயசுலயே இப்படி உரிமையாத் திட்ட ஆளு இருந்திருந்தா எட்டாப்பை முடிச்சிருப்பேன்."

அவர் மனைவி பட்டென்று சொன்னார். "நான் திட்டுறது மட்டும் கணக்குல வராது போல!"

தலைமை ஆசிரியை சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். ஆனால் அழைப்பு முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. "இன்னைக்கு வந்தது ஒரு அப்பன். நாளைக்கு எவன் வருவான்னு யாரு கண்டா? பூட்டு இல்லாம முடியாது டீச்சர்."

அது சரிதான். வந்தவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கதவு இல்லாதது என் தவறு. நான் தலையாட்டினேன். வாசலில் நின்ற பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, தலைமை ஆசிரியை மேசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பூட்டுன்னு ஒண்ணு இருந்தா சாவின்னும் ஒண்ணு இருக்கும்ல. ஆரு ஆருக்குச் சாவி குடுக்கலாம்னு யோசிச்சுட்டு வாங்க."

அந்த வார விடுமுறை முழுவதும் போனும் கையுமாக இருந்தேன். வீட்டில் சாம்பார் அடிப்பிடித்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். முதலில் நான் ஒதுக்கினேனே, தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் கேட்டது, அதைத்தான் கடைசியில் எடுத்தேன். நான் பெயரைச் சரிபார்த்து விட்டால்தான் உள்ளே வர முடியும். யாருடைய நம்பரும் யாருக்கும் தெரியாது. ஒரு பிற்பகல் முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குத் தொடங்கினோம். மறந்தார்கள், மறுபடி தொடங்கினோம். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் தவிர்க்கப் பார்த்த சிரமம் அவ்வளவுதான்.

அதற்குள்ளேயே பெற்றோருக்கென்று தனியாக இன்னொரு பலகை. பிள்ளைகளுக்குக் கேட்கிற அதே கேள்வி அங்கேயும் இருக்கும். பள்ளியில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் வரலாம். பிள்ளைகள் பலகையில் அவர்கள் எழுத முடியாது. தலைமை ஆசிரியை இரண்டையும் பார்ப்பார்.

முதல் ஆளாக அந்த அத்தா வந்தார், இந்த முறை அடியில் முழுப்பெயரோடு. நிறம் மட்டும் அதே மஞ்சள். அவர் என்ன எழுதுகிறார் என்று வேவு பார்க்க அவர் மனைவி வந்தார். அதற்கப்புறம் கல்யாணச் சமையல் மாஸ்டரும் வந்தார். அண்டாவில் பருப்பு ஏன் அடிப்பிடிக்கிறது என்று இரண்டு சமையல்காரர்களும் கடல் தாண்டி வாதாடியதில், வெப்பச் சலனத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் சந்தேகம் வராது. அரையாண்டு முடிந்ததும் பள்ளி முழுவதற்கும் அதையே வைத்துக்கொண்டோம்.

எங்கள் பள்ளியில் எட்டு வரைதான். அந்தப் பெண் தேறி, ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். இந்த ஜூன் மாதம் பழைய பெயர்களை நீக்கிவிட்டுப் புதிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோர் பலகையில் ஒரு மஞ்சள் சீட்டு காத்துக்கொண்டிருந்தது.

'மகள் பாஸாகிப் போயிருச்சு டீச்சர். நான் மீதிப் பாதியை இன்னும் முடிக்கலை. இருக்கட்டுமா?'

தலைமை ஆசிரியையிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை வாசித்தார். "பேரை அழிச்சிராதீக" என்றார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "அத்தா இப்ப எனக்கு ஜூனியர், டீச்சர். டவுட்டுன்னா என்கிட்டத்தான் கேக்கணும்" என்று அலட்டிக்கொண்டாள். முன்பு அத்தாவிடம் 'ம்' என்பதற்கு மேல் பேசத் தெரியாத பிள்ளை அது.

பிள்ளைகளுக்கு எந்தச் செயலி நல்லது டீச்சர் என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். பூட்டுவதற்கு முன்னால் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லாமல் மட்டும் என்னால் பேச்சை முடிக்க முடிவதில்லை.