ஏழாவது சிலையின் கை

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். யாருக்கு நடந்ததோ அவள், பேய் என்றாலே "அதுங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கிறவள்.

சிற்பக் கூடத்தில் சிலைகளுக்குத் தூசி தட்டுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் பிரஷ்ஷம்மா. திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் அவளுக்கு வேலை. மெத்தென்ற பிரஷ், மேலிருந்து கீழே. சிலை மேல் விரல் படக் கூடாது.

அந்த மாதம் கண்காட்சிக்கு வந்திருந்தவை, இறந்துபோன ஒரு பெண் சிற்பி வெள்ளைச் சுண்ணாம்பில் செய்த பெண்ணுடல்கள். மொத்தம் பதினொன்று. தொங்கிய வயிறு, பிரசவத் தழும்பு, வீங்கிய கணுக்கால்... முதல் நாள் பிரஷ்ஷம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நம்மளையெல்லாம் கூடவா சிலை வைக்கிறாங்க?"

ஏழாவதன் முன்னால் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு இடது மார்பு இல்லை. அவளுக்கும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு வருடம். அதற்கப்புறம் கணவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டிலேயே இல்லை. வருடம் ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். இரண்டு வருடமாகப் போகவில்லை. "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்கள். ஒருத்தரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அதற்காக உயிரோடு விளையாடுவார்களா என்று கேட்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏழாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். தழும்பை மெல்லத் துடைப்பாள். பக்கத்தில் தொங்கும் கையின் விரலிடுக்குகளில்தான் தூசி அதிகம் சேரும், ஒவ்வொன்றாகத் தட்டுவாள். "ரொம்ப வலிச்சுதா?" என்பாள். பதில் வராத பேச்சு அவளுக்கு வீட்டிலேயே பழக்கம்.

நான்காவது திங்கள். மதியம் 2:10. ஜன்னலில் நல்ல வெயில். கூடத்தில் அவள் மட்டும்.

அன்று விரலிடுக்குகளில் தூசியே இல்லை...

2:14. சிலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலைச்சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சத்தம். சர்ர்... சுவரில் சுண்ணாம்புக் கட்டி உரசுவது போல.

திரும்பினாள். யாரும் இல்லை.

2:16. மறுபடி... சர்ர்... பக்கத்தில்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.

சில்லென்ற கை.

வலது மார்பில் பதிந்தது. நல்ல பக்கத்தில்.

ஒரே இடத்தில்...

அழுத்தியது.

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. அவளை ஒருவர் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது சிலை அதன் இடத்தில் நின்றது. அவளுடைய நீலச் சீருடையில் ஐந்து வெள்ளை விரல்தடங்கள்.

மறுநாள் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த இடத்திலேயே மிளகளவு கட்டி. "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

கண்காட்சி முடிந்த நாள், சிற்பியின் தங்கை சிலைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏழாவது சிலையோட கையை ஒரே ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?"

"எந்தக் கை?"

தங்கை பெட்டியைத் திறந்து காட்டினாள். சிலை தோளோடு முடிந்திருந்தது. இரண்டு பக்கமும்.

"கை செய்றதுக்குள்ள அக்கா போயிட்டா. அவளுக்கும் ஒரு மார்பை எடுத்திருந்தாங்க, ரெண்டாவது பக்கமும் கட்டி வந்திருக்கு. கடைசி வரைக்கும் அவ தொட்டே பாக்கல."