தம்பியின் காதில் கேட்ட மொழி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் நானும் கணவரும் என் தம்பியும் குடியிருந்தோம். இலங்கையில், எங்கள் ஊரில் இராணுவத்திடம் பிடிபட்டு, சில மாதங்கள் அவர்களின் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, லண்டனுக்கு அகதியாக வந்தவன் தம்பி. வந்த மறு வருடம் அவனுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாப்பாடுதான் பெரும்பாடாக இருந்தது. சோற்றைப் போட்டு வைத்தால் ஒரு வாய் எடுப்பான். பிறகு தலையைச் சரித்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுவான். "அங்கை ஒருத்தரும் கதைக்கேல்லையடா, சாப்பிடு" என்று நான் சொல்லச் சொல்ல, கோபத்தோடு எழுந்து போய்விடுவான். உடுப்பெல்லாம் தொளதொளத்துவிட்டது. இப்படியே மெலிந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்றார், வீட்டுக்கு வந்து அவனைப் பார்க்கும் நர்ஸ். சொன்ன கையோடு, இந்த நோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்காகத் தான் நடத்தும் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார்.

கூட்டம் நூலகத்தின் மேல்மாடியில். உள்ளே நுழைந்ததும் ஒரு தமிழ் முகத்தைக் கண்டேன். வீட்டு விஷயம் நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடுமே, திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார். விம்பிள்டனிலிருந்து வந்திருந்த தமிழ்நாட்டுப் பெண் அவர். கணவருக்கு இதே நோய்.

காதில் குரல் கேட்பவர்களின் பாடு எங்களுக்கும் விளங்கட்டும் என்று நர்ஸ் ஒரு விளையாட்டு மாதிரிச் சொன்னார். நேற்று என்ன சமைத்தேன் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஒருவர் பின்னால் நின்று என் காதுக்குள் முணுமுணுப்பார். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இங்கிலீஷில் முணுமுணுத்தார். நான் பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் யோசித்துவிட்டு அந்தத் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"சாப்பிடாத. எல்லாரும் உன்னத்தான் பாக்கறாங்க. எந்திரிச்சுப் போ."

மெல்லிய குரல்தான். ஆனால் குழம்புக்கு என்ன போட்டேன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நர்ஸின் வாய் அசைவது தெரிந்தது. என்ன கேட்கிறார் என்று பிடிபடவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரர் தனக்குக் கேக்குதுன்னு சொல்றதத்தான் சொன்னேன்."

பஸ்ஸில் வரும்போது என் மனதில் ஒரே கேள்விதான். தம்பிக்கு எந்த மொழியில் கேட்கிறது? தமிழாகத்தான் இருக்கும், அதனால்தான் அவனால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை என்று நானே முடிவும் கட்டிவிட்டேன். இருந்தாலும் அன்று சாப்பாட்டு மேசையில் அவன் தலையைச் சரித்தபோது கேட்டேன்.

"அது என்ன பாஷையிலை கதைக்குது?"

"சிங்களம்."

"உனக்குச் சிங்களம் தெரியாதே?"

"கொஞ்சம்தான் விளங்கும். அதுதான் கூர்ந்து கேக்கிறன். விளங்காட்டி முகாமிலை அடி விழும், அக்கா."

சாப்பிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நீ கேட்டு முடி. நான் சோத்தைச் சூடாக்கித் தாறன்" என்று மட்டும் சொன்னேன். சூடாக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி, பேசாமல் சாப்பிடத் தொடங்கினான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சாப்பிட்ட நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. ஆனால் அடுத்த முறை டொக்டரிடம் போனபோது முகாமைப் பற்றித் தம்பியே வாய் திறந்தான். அவன் தமிழில் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். மருந்தோடு, அதைப் பற்றிப் பேசவும் அவனுக்கு ஓர் ஆளை ஒழுங்கு செய்தார்கள். மெல்ல மெல்ல உடம்பு தேறியது. விம்பிள்டன் பெண்ணும் நானும் அந்தக் கூட்டத்துக்குப் பல வருடங்கள் சேர்ந்தே போனோம்.

இப்போது தம்பி பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறான். சில நாட்களில் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் பொறுங்கோ, அக்கா" என்பான். அந்தக் குரலை அவன் கேட்டு முடிக்கும்வரை நான் போனை வைக்காமல் காத்திருப்பேன். என் தம்பி இருக்கும் இடத்துக்கு என்னால் அவ்வளவு தூரம்தான் போக முடியும், ஆனால் அதுவரைக்கும் போகலாம் என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய ஆறுதல்.