நன்னடத்தைக்கு ரெண்டு கையெழுத்து

பதினெட்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். நான் ஒழுங்கானவன்தானா என்ற சந்தேகம் போன வருஷம்தான் ஒரு கம்பெனிக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற அந்தக் கம்பெனியின் ஆட்களை வீட்டிலிருந்து ஏற்றி ஆபீஸில் இறக்குவது என் வேலை. ஒரு நாள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் டிரைவர்கள் எல்லோரையும் நிற்க வைத்து, பதினைந்து நாளில் ரெண்டு பேப்பர் வர வேண்டும் என்றார். உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், ஆள் சரியாக இருக்கிறான் என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். தராதவர்கள் பதினாறாம் நாள் வர வேண்டாம். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

உடம்பு சுலபமாக முடிந்தது. ஆவடி ரோட்டில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே பாரத்தை என் பக்கம் தள்ளினார். வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, மாலைக்கண் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். "நீங்களே டிக் பண்ணிடுங்க" என்றார். எனக்கு எந்த வியாதியும் இல்லை என்று நானே டிக் அடித்தேன். கண் டெஸ்டுக்குச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். அந்தக் காலண்டரில் நாலு நாளாகத் தாள் கிழிக்கவில்லை. நான் மனதில் இருந்த சரியான தேதியைச் சொன்னேன். கண் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

போலீஸ் பேப்பர்தான் இழுத்தது. பதினோராம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்தார். "அக்கம்பக்கத்துல உன்னைத் தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்து வேணும். ஆதார் ஜெராக்ஸ் வெச்சு ரெடி பண்ணு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்."

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு அப்பார்ட்மெண்டின் தரைத்தளத்தில் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே பன்னிரண்டு வீடு. பதினோரு வீட்டில் எனக்குத் தெரிந்தது கதவு மட்டும்தான். முதல் கையெழுத்தை முனை மளிகைக்கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். ஸ்டேஷனில் கொடுத்திருந்த பாரத்தைப் படிக்கவே இல்லை. தங்கம் கடத்துகிறவன் என்று எழுதியிருந்தாலும் போட்டிருப்பார்.

ரெண்டாவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ரெண்டாவது மாடியில் ஐ.டி.யில் வேலை செய்கிற ஒரு சார் இருக்கிறார், தென்காசிப் பக்கம். புருஷன், பெண்டாட்டி இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். அவருடைய அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் கொரட்டூரில் டயாலிசிஸ். அந்த வீட்டுச் சாவி ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. நான் போய்க் கதவைத் திறந்து, பெரியவரைக் கைப்பிடித்து இறக்கி, கூட்டிப் போய்விட்டுத் திரும்பக் கொண்டு வந்து படுக்க வைப்பேன். அப்போதே ஒரு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பாரத்தோடு போனேன். சார் அதை ரெண்டு தடவை படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "உங்களைப் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது இல்லையா? போலீஸ் பேப்பர். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

உள்ளே கட்டிலிலிருந்து பெரியவர் குரல் வந்தது. "நான் போடுதேன் தம்பி, கொண்டா."

"அப்பா, உங்க ஆதார்ல ஊரு அட்ரஸ் இருக்கு. செல்லாது" என்றார் மகன். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு மத்தியானம் டயாலிசிஸ் இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

தலையாட்டிவிட்டு இறங்கினேன். அவமானமாக இருந்தது. சாவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும் என்று படுக்கும்வரை புலம்பிக்கொண்டிருந்தேன். நீட்டியிருந்தால் பெரியவர் பாடு என்னாகும் என்ற நினைப்பும் கூடவே வந்து, முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஏட்டு வந்தார். பைக்கை எதிர்வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். எனக்குப் பகீரென்றது. எதிர்வீட்டு பாய் பூந்தமல்லியில் சோபா தைக்கிற கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டுக்கு முன்னால் நான் வண்டி நிறுத்துகிறேன் என்று நாலு வருஷமாக எங்களுக்குள் சண்டை. ஒரு தடவை டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, அது இங்கே வேண்டாம்.

பைக் சத்தம் கேட்டு அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "ஊட்டு வாசல்ல இன்னா இது?" என்று ஆரம்பித்தவர் காக்கியைப் பார்த்ததும் குரலை இறக்கினார். ஏட்டு என்னைக் காட்டி, "இந்த ஆளைத் தெரியுமா?" என்றார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"தெரியுமாவா? நாலு வருசமா சண்ட போட்டுகினு கீறேன் சார் இவனோட. இவன் வண்டி நம்பரு எனுக்கு மனப்பாடம்."

"ஆளு எப்படி?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "புடிவாதக்காரன். ஆனா ஒரு நாள்கூட குட்ச்சிட்டு வந்து சண்ட போட்டதில்ல சார். எங்க ஊட்டுப் பொம்பளைங்க வெளிய வந்தா வாய மூடிக்குவான். இன்னா கேசு?"

கேஸ் இல்லை, டாக்ஸி வேலைக்கு விசாரணை என்று ஏட்டு சொன்னார். இன்னொரு கையெழுத்து குறைகிறது என்றும் சொன்னார். பாய் உள்ளே போய் மூக்குக் கண்ணாடியும் ஆதார் ஜெராக்ஸும் எடுத்து வந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வண்டிய மட்டும் தள்ளி உடு, நைனா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் சர்ட்டிபிகேட்டைக் கம்பெனியில் கொடுத்தேன். வேலை தப்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது மாடி சார் கீழே இறங்கி வந்து என் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"போலீஸ் வெரிபிகேஷன் முடிஞ்சிடுச்சாமே? அந்தப் பேப்பர் எல்லாத்துலயும் ஒரு செட் குடுங்கண்ணா. வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்குல்ல, ஒரு சேஃப்டிக்கு."

ஜெராக்ஸ் செட்டை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். பாயின் கையெழுத்து வந்ததும் நிறுத்தினார்.

"இது யாரு? எதிர்வீட்டுக்காரரா? இவர் எப்படி, நம்பலாமா?"

"நம்பலாம் சார்" என்றேன். "ஆனா நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேப்பர்களை ரெண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.