நாளை முதுகுப் பக்கம்

நிகோலாசா தீவு விடுதியின் துணிகளைத் துவைக்கும்போது ஏரி அவள் முன்னால் விரிந்து கிடக்கும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நீலம். அதைப் பார்த்தபடியே ஆங்கிலச் சொற்களை முணுமுணுப்பாள்.

அவளிடம் அகராதி கிடையாது. விருந்தினரிடம் எதையாவது காட்டி, "இது என்ன? சுலபமாச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்வதே பொருள். போர்வை, வெயில் போன பிறகு தேடுவது. படகுத்துறை, படகு மூச்சு வாங்குகிற இடம். பசி, ஒரு கிழவர் வயிற்றைத் தட்டிக் காட்டியது. பதினோரு வருடத்தில் நானூறு சொற்கள் சேர்ந்திருந்தன.

தீவின் முகட்டுப் பாதையில் விருந்தினரை அழைத்துப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. குளிர்நீரில் மரத்துப்போன விரல்களோடு நிகோலாசா அந்த வேலையைக் கேட்டாள். சமவெளி நகரத்திலிருந்து வந்து விடுதியை வாங்கியிருந்த எவாரிஸ்டோ தாடையைச் சொறிந்தார்.

"அந்தக் கனடா அம்மாகிட்ட பேசிக் காட்டு. அவங்களுக்குப் புரியலேன்னா, அக்கரையிலேருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வந்துருவேன்."

முற்றத்தில் உட்கார்ந்திருந்த கனடாக்காரி, தனக்குப் படகு எப்போது என்று கேட்டாள்.

"டுமாரோ," என்ற நிகோலாசா, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.

கனடாக்காரி எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு கழுதை நின்றிருந்தது.

எவாரிஸ்டோ விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் நிகோலாசா, நாளைக்குங்கிறது கழுதை வயித்துக்குள்ளயா இருக்கு? நல்லா வழி காட்டுவே போ!"

அவள் முகம் சுட்டது. நாளை என்றால், தீவில் அய்மாரா மொழி பேசுகிற எல்லோருடைய கையும் அப்படித்தான் பின்னால் போகும். சுலபமாகச் சொல்லு, என்று இம்முறை தன்னிடமே கேட்டுக்கொண்டாள். நானூற்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நேத்து, நான் பாத்தாச்சு. அதனால முன்னால. நாளைக்கு, இன்னும் பாக்கல. முதுகுல கண்ணு இல்லையே."

கனடாக்காரி ஏரிப் பக்கம் திரும்பினாள்.

"அப்போ, போன வருஷம் தவறிப்போன எங்கம்மா?"

"முன்னால. பாருங்க."

தண்ணீர் மேல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. எவாரிஸ்டோ சிரிப்பை விழுங்கினார்.

"புரிஞ்சுதாம்மா?"

"நல்லாப் புரிஞ்சுது. இவங்க கூடவே போறேன். இப்பவே."

நிகோலாசா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கனடாக்காரியோடு முகட்டுப் பாதையில் ஏறினாள்.

"ஏய், ஊறவெச்ச துணியெல்லாம்?" எவாரிஸ்டோ வாளியருகே நின்று கத்தினார்.

"நாளைக்கு மொதலாளி!" என்றாள் அவள், திரும்பாமல். கட்டைவிரல் மட்டும் தோளுக்கு மேல் உயர்ந்து, நேராக அவரைக் காட்டியது.